கடல் சட்டமும் கடுகு டப்பாவும்

போன வருடம் மாசி மாதம், நாகல் நகரில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில் கடுகு டப்பா காணாமல் போனது. அன்றைக்கே வீட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டிருக்க வேண்டும். படவில்லை. அந்த நேரத்தில் நான் வேறொரு சந்தேகத்தில் தலை வரை முங்கிக் கிடந்தேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் கோர்ட்டில் வக்கீல். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பூட்டுக்குப் பேர் போன ஊரில் பிறந்ததாலோ என்னவோ, வீட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்காமல் படி இறங்க மாட்டேன். தெருமுனை வரை போய்விட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்த நாட்களும் உண்டு. போதாக்குறைக்கு ஆன்லைன் மோசடியில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர் என்னிடம் வருவார்கள். போலீஸ் பேசுகிறேன் என்று ஒருவன், பார்சல் வந்திருக்கிறது என்று ஒருவன், வெளிநாட்டில் வேலை என்று ஒருவன். இந்தக் கதைகளையே நாள் முழுக்கக் கேட்கிறவளுக்கு விபூதி கொடுக்கிற பூசாரியைப் பார்த்தாலும் சந்தேகம் வரத்தான் செய்யும். எனக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இதுதான் காரணம் என்பது அம்மாவின் கட்சி. பெண் பார்க்க வந்தவர்களை எல்லாம் நான் குறுக்கு விசாரணை செய்தே விரட்டிவிட்டேனாம்.

அம்மாவுக்கு ழகரம் வராது. வாளப்பளம், கொளம்பு, மள என்றுதான் சொல்லுவாள். நான் கோர்ட்டில் பேசப் பழகிய புதிதில் அவளைத் திருத்தப் பார்த்தேன். "எப்பிடிச் சொன்னாலும் பளம் இனிக்கத்தான செய்யிது, போ" என்று என் வாயை அடைத்துவிட்டாள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

இப்படிப்பட்ட எனக்குக் கடலோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். திண்டுக்கல்லில் கடல் ஏது? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தார். அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் முதலாளி நொடித்துப் போய், ஏதோ ஒரு தேசத்துத் துறைமுகத்துக்கு வெளியே கப்பலை அப்படியே விட்டுவிட்டுக் கம்பி நீட்டிவிட்டார். கப்பலில் இருந்தவர்களுக்குச் சம்பளம் இல்லை. சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. இறங்கி ஊருக்கு வரவும் விடவில்லை. முதலாளி ஒரு நாட்டுக்காரர். கப்பலில் பறந்த கொடி இன்னொரு நாட்டுடையது. கப்பல் நின்ற தண்ணீர் மூன்றாவது நாட்டுடையது. வேலைக்கு ஆள் எடுத்த ஏஜென்ட்டோ போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். "எந்த ஊர்ல போயி கேஸ் போடணும் மேடம்?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தோட்டத்து வரப்புத் தகராறு என்றால் பக்கம் பக்கமாக வாதம் எழுதுவேன். கடலில் வரப்பு எங்கே ஓடுகிறது என்று யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

தட்டுத்தடுமாறிப் படித்தேன். தெரிந்த அலுவலகம், தெரியாத அலுவலகம் எல்லாவற்றுக்கும் எழுதினேன். என்னால்தான் என்று சொல்ல மாட்டேன், பல பேர் முயற்சியில் ஒருவழியாக அந்த மனிதர் எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகும் அந்தப் பெண் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. இன்னொருத்தி வந்து அதே கேள்வியைக் கேட்டால் மறுபடியும் முழிக்கக் கூடாது என்று மனசுக்குள் ஒரு வைராக்கியம்.

கப்பல்காரர்களுக்கு உதவும் ஒரு வெளிநாட்டு வக்கீலோடு அந்தச் சமயத்தில் மெயிலில் பழக்கமாகியிருந்தது. அவர்தான் வெளிநாட்டில் நடக்கும் ஒரு ஃபெலோஷிப்பைப் பற்றிச் சொன்னார். ஏற்கனவே வேலையில் இருக்கிறவர்களுக்கானது அது. வக்கீல்கள், துறைமுக அதிகாரிகள், கடற்படையில் இருப்பவர்கள் என்று பல நாடுகளிலிருந்து கொஞ்சம் பேரை எடுப்பார்கள். சில மாதங்கள் அங்கே தங்க வைத்து, கடல் சட்டத்தில் அவரவர் கேள்வியை அவரவரே ஆராய வைப்பார்கள். கைவிடப்பட்ட கப்பலில் இருப்பவனுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை எழுதி அனுப்பினேன். கம்ப்யூட்டரில் நேர்காணல் நடந்தது. உங்கள் ஊரிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று அதில் ஒருவர் கேட்டார். பஸ்ஸில் போனால் அரை நாள் போய்விடும் என்றேன். சிரித்தார்கள். அவ்வளவுதான், கிடைக்காது என்று நினைத்து மறந்துவிட்டேன்.

மாசி மாதத்தில் மெயில் வந்தது. தேர்வாகிவிட்டேனாம். போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவாம்.

வேறு யாராவது என்றால் துள்ளிக் குதித்திருப்பார்கள். எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். பத்துக் காசு கேட்காமல் எவன் கூட்டிக்கொண்டு போவான்? அதுவும் மெயில் அப்பாவின் பெயரைப் போட்டு, 'டியர் மிஸ் இன்னார்' என்று ஆரம்பித்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த ஓர் எழுத்து விரிந்து அப்பாவின் முழுப் பெயராகி, கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. லோன் வேண்டுமா என்று கேட்டு வரும் திருட்டு மெயில்களும் அப்படித்தான் என்னைக் கூப்பிடும். சந்தேகத்துக்கு இது போதாதா?

வக்கீல் சங்க அறையில் பக்கத்து நாற்காலி நண்பரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"ஏம்மா, நம்மூருக்குக் குடிதண்ணியே எப்ப வரும்னு தெரியாது. ஒனக்குக் கடலையே குடுக்குறேங்குறான். யோசிச்சுக்க" என்றார்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆயிற்று. அதற்கப்புறம் ப்ளஸ் குறியோடு வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. பிளாக் செய்துவிட்டேன். என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்திமதியே அதுதானே!

மறுநாள் இன்னொரு மெயில். உங்கள் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது என்று உங்கள் வீட்டிலிருந்து தெரிந்துகொண்டோம், செல்லத்தக்க பாஸ்போர்ட்டின் நகலை ஒரு வாரத்துக்குள் அனுப்பாவிட்டால் உங்கள் இடத்தைக் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தது. பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். இன்னும் பல வருடங்களுக்குச் செல்லும். காலாவதி என்று யார் சொன்னது? என் வீட்டில் யார் இவர்களிடம் பேசியது? மாட்டிக்கொண்டான் திருடன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கொண்டாட்டம். அவசரப்படுத்துவது, பயமுறுத்துவது, பாஸ்போர்ட் நகல் கேட்பது. மூன்றும் ஒன்றாக வந்தால் அது மோசடி என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

உட்கார்ந்து ஒரு பதில் எழுதினேன். நான் யார் தெரியுமா, உங்களைப் போல எத்தனை பேரைப் பார்த்தவள் தெரியுமா, இன்னொரு மெயில் வந்தால் சைபர் கிரைமில் புகார், அதன் பிறகு ஏற்படும் செலவுக்கும் விளைவுக்கும் நீங்களே பொறுப்பு என்று வக்கீல் நோட்டீஸ் பாணியில் வெளுத்து வாங்கினேன். எழுதி முடித்தபோது என் முதுகை நானே தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது. இருந்தாலும் அனுப்பின பிறகு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அறுந்து விழுந்தது. நிஜமாகவே கிடைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அந்த நேர்காணலில் சிரித்தவர்கள் நல்லவர்கள் மாதிரி அல்லவா தெரிந்தார்கள்? அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரத்தில்தான் அம்மாவிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். பேச்சு குறைந்துவிட்டது. போன் அடித்தால் திடுக்கிடுகிறாள். யார் என்று கேட்டால், "யாரோ" என்கிறாள். தினமும் பூக்காரியிடம் மல்லிகை வாங்கி அப்பா போட்டோவுக்கு ஒரு கண்ணி வைப்பாள். அந்த வாரம் முழுக்கப் போட்டோ மொட்டையாகத் தொங்கியது. நேற்றைய பூச்சரம்கூட இல்லை. ரசம் தாளிக்கும்போது பார்த்தால் கடுகு ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் இருந்தது.

கடுகு டப்பா என்றால் சாதாரண டப்பா இல்லை. மூடியில் நாய்க்குட்டி படம் போட்ட வெளிநாட்டு பிஸ்கட் டப்பா. அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். ரொம்ப காலம் கொடைக்கானல் ரூட்டில் ஓடினார். ஒரு வெள்ளைக்கார அம்மா பஸ்ஸில் கைப்பையை விட்டுவிட்டுப் போக, அப்பா அதைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மா பஸ் ஸ்டாண்டுக்கே தேடி வந்து சந்தோஷமாகக் கொடுத்த டப்பா அது. பிஸ்கட் தீர்ந்து, நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து அதில்தான் கடுகு. மாடிப்படி அடியில், பழைய செருப்புகளோடு அது தலைகீழாகக் கிடந்ததைப் பார்த்தேன்.

என் தொழில் புத்தி எங்கே போகும்? அம்மா யாரிடமோ போனில் ஏமாந்துவிட்டாள், சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிற வக்கீல் வீட்டிலேயே திருட்டா என்று பதறிப் போய், அவள் குளிக்கப் போன நேரத்தில் பேங்க் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. நகையும் இருந்தது. அப்படியானால் வேறு என்ன? அம்மாவின் போனைப் பார்த்தேன். அதே வெளிநாட்டு நம்பர். நான் பிளாக் செய்த அதே நம்பரிலிருந்து அம்மாவுக்கு ஒரு அழைப்பு வந்திருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசியும் இருக்கிறாள்.

விண்ணப்பத்தில் குடும்பத்தார் நம்பர் என்று அம்மாவுடையதைக் கொடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். போனைக் காட்டி, யாரும்மா இது, என்ன பேசினாய் என்று கேட்டேன். என் குரல் கோர்ட்டில் பேசுகிற குரலாகத்தான் இருந்திருக்கும். அம்மா துண்டை உதறிக் கொடியில் போட்டாள். நான் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கவும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னய ஏன் கேக்குற? ஒங்கப்பாவப் போயி கேளு" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்கு இதில் என்ன வந்தது? அம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். செத்த நேரம் கழித்து நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேள்வி கேட்பதை நிறுத்தினேன். நிறுத்தினதும் அவளே ஆரம்பித்தாள்.

"ஒரு பொம்பளைத்தா. வெள்ளக்காரி. எடுத்த ஒடனே அவுக பேரச் சொல்றா. என்னமோ கூடப் பெறந்தவ மாதிரி அம்புட்டு லேசா சொல்றா. அதும் எப்பிடி? மிஸ்ஸுன்னு சொல்லிட்டுச் சொல்றா. அவுகள மிஸ் பண்றாளாம்ல!"

வாட்ஸ்அப்பில் பிறந்தநாளுக்கும் இறந்தநாளுக்கும் 'மிஸ் யூ' போடுகிறார்களே, அந்த மிஸ். 'மிஸ் இன்னார் இருக்கிறார்களா' என்று அந்தப் பெண் என்னைத்தான் கேட்டிருக்கிறார். அம்மா காதில் அது, போய்ச் சேர்ந்த தன் புருஷனை நினைத்து எங்கேயோ ஒருத்தி உருகுவதாக விழுந்திருக்கிறது. கொடைக்கானல் ரூட், வெள்ளைக்கார அம்மா, நாய்க்குட்டி போட்ட டப்பா. அம்மா எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுவிட்டாள். என் அம்மா அல்லவா, சந்தேகத்தில் எனக்குக் குறைந்தவளா?

அதோடு முடியவில்லை. அந்தப் பெண் பேச்சின் நடுவில் பாஸ்போர்ட் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். கண்டக்டர் வேலை பார்த்த மனுஷனுக்கு ஏது பாஸ்போர்ட், எனக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்தாரா என்று அம்மா பீரோ முழுக்கத் துழாவியிருக்கிறாள்.

சரி, நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும்? எக்ஸ்பயர்டுன்னு சொன்னேன்."

அப்பா போன பிறகு ஒவ்வோர் ஆபீஸாக அலைந்தபோது அம்மா கற்றுக்கொண்ட ஆங்கிலம் அது. டெப்போவில், பேங்கில், பென்ஷன் ஆபீஸில் எல்லாரும் சொன்ன வார்த்தை. நம் ஊரில் மனிதர்கள் இறந்தால் 'எக்ஸ்பயர்டு' ஆவார்கள். அந்த ஊரில் பாலும் மாத்திரையும் பாஸ்போர்ட்டும்தான் எக்ஸ்பயர்டு ஆகும் போலிருக்கிறது. பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்டவரிடம் அம்மா எக்ஸ்பயர்டு என்றாள். நிஜமாகவா என்று அவர் கேட்டிருப்பார் போல. அம்மா விடாமல், "எஸ், ஃபுல்லா எக்ஸ்பயர்டு" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். அவர் ஸாரி என்றாராம். "ஸாரி சொல்றா பாரு, நெஞ்சழுத்தக்காரி" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடி அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அப்படியானால் அந்த மெயில் நிஜம். ஃபெலோஷிப் நிஜம். நான் அனுப்பிய நோட்டீஸும் நிஜம்.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். மிஸ் என்றால் கல்யாணம் ஆகாத பெண், அது நான்தான், அப்பா பெயர் என் பாஸ்போர்ட்டில் கடைசியில் இருக்கிறது, அதனால் அங்கே அதுதான் என் பெயர் என்று சொன்னேன். அம்மா நிம்மதியாகிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் இன்னும் சின்னதாகிவிட்டது.

"அவுக அப்பிடியாப்பட்ட ஆளில்லன்னு எனக்குத் தெரியாதா? அது இல்லத்தா. நான் கட்டிக்கிட்டு வந்த நாளா ஒரு தடவகூட அந்தப் பேர வாய்விட்டுச் சொன்னதில்ல. பெரியாஸ்பத்திரியில பேசண்டு பேரு என்னன்னு கேக்குறாக, நான் ஒன்னயத்தான் பாத்தேன், நீதான் சொன்ன. செத்தன்னைக்குக்கூட பேரச் சொல்லி அழுகல. எவளோ ஒருத்தி, மூஞ்சி தெரியாதவ, போன எடுத்ததும் சொல்லிப்புட்டா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் வீட்டு அடுப்படியில் ஒருத்தி ஒரு வாரமாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறாள். நானோ பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று மெயிலைத் திறந்தால், அவர்களிடமிருந்து பதில் வந்திருந்தது. ரொம்ப மரியாதையான பதில். நாங்கள் நேர்காணலில் பார்த்தவர் இப்படி எழுதக் கூடியவராகத் தெரியவில்லை, அவருடைய மெயிலை வேறு யாரோ கைப்பற்றியிருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம், அது தெளிவாகும் வரை எதையும் செய்ய மாட்டோம் என்றிருந்தது. அதாவது, திருடன் நான்தானாம்! ஊரையே சந்தேகப்பட்டவளை இப்போது ஊர் கடந்து சந்தேகப்படுகிறார்கள். அவர்கள் கொடுத்த ஒரு வாரம் அன்றோடு முடிகிறது. காத்திருப்பவருக்கு இடம் போய்விட்டால் அவ்வளவுதான், இன்னொரு முறை கிடைக்காது.

பிளாக்கை எடுத்துவிட்டு நானே கூப்பிட்டேன். அம்மாவிடம் பேசிய அதே பெண்மணிதான் எடுத்தார். நான் தடதடவென்று விளக்க, அவர் கேட்டுவிட்டு, வீடியோவில் வர முடியுமா என்றார். வந்தேன். வயதானவர், நரைத்த குட்டை முடி. என் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் பார்த்தார். அப்படியும் அவருக்குத் திருப்தி வரவில்லை. அவர் ஆபீஸில் குறித்து வைத்திருப்பது, குடும்பத்தார் நம்பரில் பேசியவர் காலாவதி என்று உறுதியாகச் சொன்னார் என்பது. அதனால் அன்று பேசியவர் யார், ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்றார். நான் இடையில் பேசக் கூடாது என்றும் மென்மையாகச் சொன்னார். நியாயம்தானே? நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து போன் முன்னால் உட்கார வைத்தேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்தப் பெண்மணியை மேலும் கீழும் பார்த்தாள். சந்தேகம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண்மணி நிறுத்தி நிறுத்திக் கேட்டார். அன்று நான் ஒரு பெயரைச் சொன்னேன், எக்ஸ்பயர்டு என்றீர்கள், எது எக்ஸ்பயர்டு என்றார்.

"மை ஹஸ்பெண்ட்" என்றாள் அம்மா.

அவர் முகம் மாறிவிட்டது. கையை வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம் தணிந்த குரலில், உங்கள் கணவரின் பெயர் என்ன என்று கேட்டார். கேட்டுத்தானே ஆக வேண்டும்? விண்ணப்பத்தில் இருக்கிற பெயரோடு ஒத்துப்போனால்தான் கதை முடியும்.

அம்மா என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை. என் வாய் திறந்துவிட்டது. அந்தப் பெண்மணி வேண்டாம் என்று கையைக் காட்டினார். தெருவில் ஓர் ஆட்டோ கடகடவென்று போனது. அம்மா அப்பா போட்டோவை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்து, தெளிவாக, அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதில் ஒரு ழகரம் உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பெண்மணி, நான் இத்தனை நாள் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறதே என்று அந்தப் பெயரைத் தன் வாயால் சொல்லிப் பார்த்தார். ழகரம் லகரமாக வந்தது. "நோ, நோ" என்றாள் அம்மா. மறுபடி அவர் சொன்னார். இப்போது வேறு என்னவோ வந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நாக்கை மடித்துக் காட்டி மறுபடி சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். அம்மா இன்னொரு தரம் சொன்னாள். வாய்விட்டு ஒரு தடவைகூடச் சொல்லாத பெயரை, பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி, வெள்ளைக்காரி வாயில் சரியாக வரும் வரை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெண்மணியும் கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

கடைசியில் அம்மா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, போனில் தெரியும்படி வைத்துக்கொண்டு சொன்னாள்: "மை ஹஸ்பெண்ட் எக்ஸ்பயர்டு. மை டாட்டர் நோ எக்ஸ்பயர்டு."

அன்று சாயங்காலமே மெயில் வந்தது. இடம் எனக்குத்தான். என் நோட்டீஸைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார்கள். இவ்வளவு உறுதியாக வாதாடுகிறவர் கடல் சட்டத்துக்குத் தேவை என்று. கிண்டலா பாராட்டா என்று இன்றுவரை சந்தேகம்தான்.

போய் வந்தேன். படித்தேன். சமையல்காரரின் மனைவி கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. சில கேள்விகளுக்கு உலகத்தில் யாரிடமும் பதில் இல்லை என்பதும் தெரிந்தது. அங்கே என்னை எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள், ஆளுக்கொரு மாதிரியாக. அந்த நரைமுடிப் பெண்மணி மட்டும் தினமும் காலையில் வாசலில் பார்த்தவுடன் ழகரம் பிசகாமல் கூப்பிடுவார். சந்தேகம் வந்தபோது நான் நோட்டீஸ் அனுப்பினேன், அம்மா டப்பாவைத் தூக்கி எறிந்தாள். அவர் ஒருவர்தான், என்னவென்று எதிரில் உட்கார்ந்து கேட்டவர்.

நான் ஊர் திரும்பியபோது கடுகு டப்பா பழைய இடத்துக்கு வந்திருந்தது. போட்டோவில் மல்லிகை இருந்தது. வாழைப்பழத்தை உரித்து என் கையில் கொடுத்து, "வாளப்பளம் தின்னுத்தா, எளச்சுப் போயிட்ட" என்றாள் அம்மா. எனக்குச் சட்டென்று உறைத்தது. "எல்லாப் பளத்தையும் கொளம்பையும் இப்படிச் சொல்ற, அன்னைக்கு அப்பா பேர்ல மட்டும் எப்பிடிம்மா அந்த எழுத்து அம்புட்டு சுத்தமா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"கெளவிகிட்ட கேக்குற கேள்வியாடி இது" என்று சொல்லிவிட்டு, அவசரமாக எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்பாதவள் நான். ஆனால் வாய்விட்டுச் சொல்லாத அந்தப் பெயரை அம்மா மனசுக்குள் எத்தனை ஆயிரம் தரம் சொல்லிப் பழகியிருப்பாள் என்பதில் மட்டும் எனக்கு இன்றுவரை துளிச் சந்தேகம்கூட வந்ததில்லை.